எட்டு சதவீதம் போதுமா?

போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். சோழர் கால ஊராட்சி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். கல்லூரி நூலகராக முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்று யாரோ என்னைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஐயா, உத்திரமேரூர் குடவோலைக்குப் பெயர் எழுத வயது 35 முதல் 70 என்று இரண்டாம் இயலில் எழுதிவிட்டேன். நான்காம் இயலில் 30 முதல் 60 என்று வந்திருக்கிறது. எது சரி?"

"இரண்டும் சரிதான் தம்பி" என்றேன். முழித்தார்.

முதலாம் பராந்தகன் காலத்தில் அங்கே இரண்டு கல்வெட்டுகள் வெட்டினார்கள். கி.பி. 919இல் வெட்டியதில் 30 முதல் 60. 921இல் வெட்டியதில் 35 முதல் 70. இரண்டே வருஷத்தில் விதியை ஏன் மாற்றினார்கள்? ஆராய்ச்சியே அங்குதானே தொடங்க வேண்டும்!

வெங்கய்யா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையிலேயே வெளியிட்டுவிட்டார். நீலகண்ட சாஸ்திரியும் விரிவாக எழுதியிருக்கிறார். தம்பியின் அடிக்குறிப்பில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஆனால் அந்த நூல்களை அவர் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ போட்ட அடிக்குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய உத்திரமேரூருக்கும் போனதில்லை.

"ஆனா ஐயா, மென்பொருள் சோதனையில எட்டு சதவீதம்தான் வந்திருக்கு" என்றார் பெருமையாக.

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அந்த எண் எதைச் சொல்கிறது? வாசகம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை மட்டும். படித்தாரா, சரிபார்த்தாரா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. அதைக் கேட்க வேண்டியவர் நெறியாளர். அவரும் சதவீதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

நம்மூர்க்காரர்களுக்கு இது புரியும். ஜரிகை மினுமினுக்கிறது என்பதற்காக யாராவது அசல் என்று வாங்குவோமா? சுரண்டிப் பார்த்து, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால்தானே நம்புவோம்? அடிக்குறிப்பையும் அப்படிச் சுரண்டிப் பார்க்க வேண்டாமா?

ஆய்வு நெறி பற்றிய பாடத்தை 2019 முடிவிலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் மட்டும் இது வந்துவிடாது. முதல் வருஷத்திலேயே ஒவ்வொரு மாணவரும் நூலகரோடு உட்கார்ந்து, ஒரே ஒரு செய்தியையாவது அதன் மூலம் வரை தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் காலத்தில் அந்த ஆண்டறிக்கையைப் பார்க்க மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். இன்று அது இணையத்திலேயே கிடைக்கிறது. தேடக் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஆய்வு செய்யும் பேரனோ பேத்தியோ இருக்கலாம். எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். "இதை நீயே பார்த்தாயா?" என்று கேளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தத் தம்பியும் உத்திரமேரூர் போகிறோம். பஸ் டிக்கெட் என் செலவு.