பரணில் கிடக்கும் படச்சுருள்

நம் மன்றத்து நண்பர்கள் சிலருடைய வீட்டுப் பரணில் பழைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதனுள் ஒரு சிறு காமிரா, ஒரு புரொஜெக்டர், அடியில் உள்ளங்கை அகலத்தில் சில படச்சுருள்கள். பாட்டனாரோ பெரியப்பாவோ விட்டுச்சென்ற சொத்து. கண்டவுடன் எழும் ஆசைகள் இரண்டு: இயந்திரத்தை நல்ல விலைக்கு விற்பது, அல்லது அன்றிரவே சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் ஓட்டிப் பார்ப்பது. முன்னதால் பெரிய நட்டமில்லை. பின்னதே பேராபத்து என்பது என் துணிபு.

காரணம் எளியது. திரையரங்குப் படத்துக்கு நெகட்டிவ் உண்டு. வேண்டிய பிரதி எடுக்கலாம். வீட்டுப் படமோ பெரும்பாலும் ரிவர்சல் பிலிம். காமிராவில் ஓடிய அதே சுருளைத்தான் கழுவிப் புரொஜெக்டரில் ஓட்டுவார்கள். நெகட்டிவும் இல்லை, மறு பிரதியும் இல்லை. மக்கள் திரண்டு பார்த்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931) கூட இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, ஒரே பிரதியாக உள்ள பாட்டியின் திருமணம் எம்மாத்திரம்?

பல ஆண்டு ஓடாத புரொஜெக்டரில் ரப்பர் பெல்ட் விறைத்திருக்கும். சுருள் நடுவில் நின்றால் விளக்கின் சூட்டில் அந்தக் கட்டம் பொசுங்கிவிடும். அமெரிக்க இயந்திரம் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் விளக்கும் போம், மோட்டாரும் போம். இன்னொன்று: 1932இல் வந்த சாதாரண 8 மில்லிமீட்டரும் 1965இல் வந்த சூப்பர் 8-உம் அகலத்தில் ஒன்று, ஓரத் துளையில் வேறு. முன்னதில் துளை பெரிது, பின்னதில் சிறிது. மாற்றி ஓட்டினால் சுருள் கிழியும்.

ஆகவே மின்சாரத்தைத் தேடுமுன் மூக்கை நம்புவோம். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். அதன் ஆவி அருகிலுள்ள நல்ல சுருளையும் கெடுக்கும். அதைத் தனியே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். சுருங்கிய பிலிமையும் பல்சக்கரமின்றி இழுக்கும் ஸ்கேனர்கள் இன்று உண்டு. ஸ்கேன் ஆனபின்னும் மூலச்சுருளை எறியாதீர்கள்.

“அப்படியானால் இயந்திரம் வெறும் அலங்காரப் பொருளா?” என்று கேட்பீர்கள். அன்று. பழுது பார்த்து, வேண்டாத சுருளைப் போட்டு ஓட்டிப் பழகலாம். சூப்பர் 8 காமிராவானால், அதற்கான சுருளைக் கோடக் இன்றும் செய்கிறது. 50 அடிக்கு 3 நிமிடம் 20 விநாடிதான், விலையும் அதிகம். அதனாலேயே எதைப் படமெடுப்பது என்று ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவோம். அதுவும் ஒரு கல்வியே.

சுருளைவிட விரைவில் மறைவது ஒன்றுண்டு: அதில் நடமாடும் முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவரின் நினைவு. வீட்டுப் படங்களுள் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். பந்தியில் பரிமாறுபவர் யார், இடுப்பிலிருக்கும் குழந்தை யாருடையது என்று படம் சொல்லாது, பாட்டி சொல்வார். வரும் விடுமுறைக்கு ரயிலேறும் நண்பர்களே, ஸ்கேன் செய்த படத்தை அவர் முன் ஓட்டி, அவர் சொல்லும் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வையுங்கள். இயந்திரத்தைப் பழுதுபார்க்க அடுத்த ஆண்டும் ஆள் கிடைப்பார். அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருப்பாரா?