உள்ளே பேசுறது யாரு?

மனநோய் என்பது தின்னு கொழுத்தவனோட வியாதி, போராடுகிறவனுக்கு அது வராது என்று நம் தோழர் ஒருவர் கூட்டத்தில் பேசினார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

எல்லார் மண்டைக்குள்ளும் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. களை பறிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, கடன்காரனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒத்திகை பார்க்கும்போது. அது நோயில்லை. என் கேள்வி, அந்தப் பேச்சு யாருடையது என்பதுதான். எம்.ஏ. வகுப்பில் நான் வாய் திறக்குமுன்பே உள்ளே ஒரு குரல், "ஸ்காலர்ஷிப்புக் காசுல படிக்கிறவ, பொத்திக்கிட்டு உக்காரு" என்னும். ரொம்ப நாள் அதை என் குரல் என்றே நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னது அது, வார்த்தை பிசகாமல். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாச்சு, வாத்தியார் கூடவே வந்துவிட்டார். இதைப்போய் தாழ்வு மனப்பான்மை என்கிறார்கள். தாழ்த்தினது யாரு என்று எழுத சீட்டில் இடமில்லை.

அதற்காக ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பது என்ன நியாயம்? அரிவாளால் வெட்டியது சாதி என்பதற்காகத் தையல் போடாமல் விடுவோமா? தனக்குள் பேசிக்கொள்வது வேறு. ஆளில்லாமல் காதில் குரல் கேட்பதும் அது உத்தரவு போடுவதும் வேறு. ரெண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்று நினைப்பு வந்தால் அன்றைக்கே. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் உண்டு. 14416க்கு ராத்திரியிலும் போன் பண்ணலாம், காசில்லை. போலீஸ் கேஸாகும் என்று பயந்து ஒளிக்கிறார்கள். சாக முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017ஆம் வருஷ மனநலச் சட்டம் சொல்கிறது. நம் மேடைகளில் இதை யார் சொன்னோம்?

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில் 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. பைத்தியம் என்று தள்ளிவைத்தால் ஏழைக்குக் கிடைக்கிற இடம் அதுதான்.

2016 ஜனவரி 17இல் ரோஹித் வெமுலா இறந்தபோது நிறுவனப் படுகொலை என்றோம். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். விடுதியை விட்டு விரட்டியவர்களைக் கேட்காமல் செத்தவனின் மனசை மட்டும் ஆராய்கிறவன் அயோக்கியன். ஆனால் இப்போது உயிரோடு ஹாஸ்டல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற பிள்ளையிடம் நம்மில் யார் போய் உட்கார்ந்தோம்? இரங்கல் கூட்டத்துக்கு மைக்செட் வாடகை தருகிற நாம், ஓ.பி. வரிசையில் அந்தப் பிள்ளைக்குத் துணையாய் நிற்க ஒரு ஆளை அனுப்ப மாட்டோமா, தோழர்?