நீச்சற்குளத்துக்கு வேலி

கல்யாணுக்கு அப்பாலும் பன்வேல் பக்கத்திலும் எழும்பிவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விளம்பரத் தாள்களைப் புரட்டும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ரயில் நிலையம் எத்தனை நிமிஷ நடை, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்ற விவரங்களுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு நீச்சற்குளத்தின் படம் தவறாமல் அச்சிடப்பட்டிருக்கும். கரையில் சாய்வு நாற்காலிகள், தொட்டிச் செடிகள், சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பம். ஒற்றை அறை வாடகை வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கிய நம்மவர் பலர் சேமநல நிதியையும் வங்கிக் கடனையும் கூட்டி இத்தகைய இடங்களில் சொந்த வீடு வாங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. அந்தப் படங்களில் பெரும்பாலும் காணப்படாத ஒரு பொருளைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். குளத்தைச் சுற்றி இருக்கவேண்டிய வேலியே அது.

நீரில் மூழ்கி இறத்தல் என்றவுடன் நாம் கடலையும் ஆற்று வெள்ளத்தையும் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அவ்வயதுக் குழந்தை தனியே கடலைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள நீரைத்தான் தேடிப் போகிறது. மூழ்கும் குழந்தை கைகால்களை உதைத்துக்கொண்டு கூச்சலிடும் என்று திரைப்படங்களில் காட்டுவதும் மெய்யன்று. மூச்சு விடவே காற்றுக் கிட்டாத உயிருக்குக் கூவுவதற்குக் காற்று ஏது? அரவமின்றி, இரண்டொரு நிமிஷத்தில் காரியம் கைமீறிவிடுகிறது. தொலைபேசியில் ஒருவருக்குப் பதில் சொல்லி வைக்கும் நேரம், அடுப்பில் பால் பொங்காமல் இறக்கும் நேரம், அவ்வளவே போதும்.

வீட்டின் பின்புறத் தோட்டத்தில் குளம் வெட்டிக்கொள்ளும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் மிகுதி. ஆகையால் இதைப் பற்றி அதிகம் சிந்தித்தவர்களும் அந்நாட்டார்தாம். அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நீச்சற்குளச் சட்டம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்பக்கூடிய குளம் எதுவாயினும் அதற்கு வேலி வேண்டும் என்கிறது. காற்றடைத்து விரிக்கும் ரப்பர்க் குளத்துக்கும் இது பொருந்தும். 30 சென்டிமீட்டர் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய அளவுகோலின் நீளமேயாகும்.

வேலி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அந்நாட்டில் ஒரு தர அளவை உண்டு. அதைப் படித்தபோது, குழந்தையின் உடலையும் புத்தியையும் நன்கு அறிந்தவர்கள் அமர்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றிற்று. உயரம் 120 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. கம்பிகளுக்கு இடையிலும், வேலியின் அடிக்கும் தரைக்கும் இடையிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. அதற்கு மேற்பட்டால் உடலும் தலையும் நுழைந்துவிடும். குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக இருந்தால் அவை ஏணிப்படிகளாகிவிடும். எனவே ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 90 சென்டிமீட்டராவது விடவேண்டும். வேலிக்கு வெளியேயும் 90 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கால் வைத்து ஏற உதவும் பொருள் ஒன்றும் கூடாது. நாற்காலி, பூந்தொட்டி, தாழ்ந்த மரக்கிளை, குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பாகம் ஆகிய யாவும் இதில் அடங்கும். விளம்பரப் படத்திலுள்ள சாய்வு நாற்காலியைச் சற்றே இழுத்துப் போட்டுவிட்டால் ஐந்தடி வேலியும் இரண்டடி வேலியாகிவிடும் அன்றோ!

இனி வாயிற்கதவு. அது குளத்தை நோக்கித் திறக்கக்கூடாது, வெளிப்புறமாகவே திறக்கவேண்டும். காரணம் எளிது. குழந்தை எந்தக் கதவையும் சாய்ந்து தள்ளும். வெளிப்புறமாகத் திறக்கும் கதவைத் தள்ளினால் அது மேலும் இறுகி மூடிக்கொள்ளுமேயன்றித் திறவாது. தாழ்ப்பாள் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். தாழ்வாக வைப்பதானால் குழந்தையின் கை எட்டாதவாறு உட்புறத்தில் மறைப்புடன் வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு திறந்து விட்டாலும் கதவு தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ளவேண்டும்.

இந்தத் 'தானே' என்ற சொல்லின் மதிப்பு ரயில்வேயில் வேலை பார்ப்பவருக்கு நன்கு விளங்கும். நான் எழுத்தர் வேலை பார்ப்பவன்தான். சிக்னல் இலாகாவைச் சேர்ந்தவன் அல்லன். எனினும் இன்டர்லாக்கிங் செய்யப்பட்ட லெவல் கிராசிங் எப்படி வேலை செய்கிறது என்பது எங்களில் யாவருக்கும் தெரியும். கேட் மூடப்பட்டுப் பூட்டிக்கொண்டால் ஒழிய வண்டிக்குரிய சிக்னல் இறங்காது. கேட்கீப்பர் நல்லவரா, விழிப்பாக இருந்தாரா, அன்று அவருக்கு ஜுரமா என்று இயந்திரம் கேட்பதில்லை. மறதி மனித இயல்பு என்று ஒப்புக்கொண்டே அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். குளத்துக் கதவும் அவ்வாறே. அதைத் திறந்தவர் மூடினாரா என்ற கேள்விக்கே இடமிருக்கலாகாது.

ஆனால் நடைமுறை என்ன? நான் சென்று பார்த்த ஒரு குடியிருப்பில் அழகான எஃகு வேலி இருந்தது. ஸ்பிரிங் வைத்த கதவும் இருந்தது. குளத்தைச் சுத்தம் செய்யும் ஆள் வாளியும் குழாயுமாகப் போய்வர வசதியாக, அந்தக் கதவைச் சணற்கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டி வைத்திருந்தார். கயிறு நிறம் வெளுத்திருந்ததிலிருந்து, அது நெடுநாளாக அங்கேயே இருக்கிறது என்று தெரிந்தது.

வேலி எங்கே நிற்கவேண்டும் என்பது மற்றொரு முக்கியமான விஷயம். மனையைச் சுற்றிலும் மதில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார் உண்டு. மதில் அயலார் குழந்தையைத் தடுக்கும். நம் குழந்தையைத் தடுக்காது. அது மதிலுக்கு உள்ளே, வீட்டுக்குள் இருக்கிறது. மூன்று பக்கம் வேலியும் நாலாவது பக்கம் வீட்டுச் சுவருமாக அமைந்தால், வீட்டின் கதவே குளத்தின் கதவாகிவிடுகிறது. நியூ சவுத் வேல்ஸில் 1990 ஆகஸ்ட் 1-க்கு முன் கட்டப்பட்ட பழைய குளங்கள் சிலவற்றுக்கு, குழந்தை திறக்க இயலாத கதவு ஜன்னல்களோடு இவ்வாறு இருக்கச் சலுகை கொடுத்தார்கள். புதிய குளங்களுக்கு அச்சலுகை இல்லை. நான்கு பக்கமும் குளத்தை மட்டும் தனியே அடைத்த வேலியையும், வீட்டுப் பக்கம் திறந்த வேலியையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில், முன்னதே மிகவும் பாதுகாப்பானது எனத் தெரியவந்துள்ளது. நம் குடியிருப்புகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், மாடிப்படியிலிருந்தோ விளையாட்டுத் திடலிலிருந்தோ நேரே குளத்தில் கொண்டுவிடும் வழி எதுவும் இருக்கலாகாது.

பிரான்ஸ் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வேலி, மூடி, கூரை, அபாய மணி ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றிருந்தால் போதும் என்கிறது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்திலும் 2000-ஆம் ஆண்டு முதல் இதுபோன்ற தெரிவு உண்டு. மணியைப் பற்றி மட்டும் எனக்கு ஐயம். குழந்தை விழுந்தபின் அடிக்கும் மணியைக் கேட்டு ஓடிவர ஒருவர் வேண்டும்; வேலிக்கு எவரும் வேண்டுவதில்லை.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதன்று. ஊரில் குடிதண்ணீர்க் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பிய கொத்தனார் எந்தச் சட்டத்தையும் படித்தவரல்லர். ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்த துயரங்களுக்குப் பின், தோண்டும் இடத்தைச் சுற்றி முள்வேலி இடவேண்டும், கைவிட்ட குழியை நிரப்பவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வகுத்ததும் நினைவிருக்கும். குடியிருப்புச் சங்கம் தன் குளத்துக்குத் தானே ஒரு விதியை வகுத்துக்கொள்ள யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும்.

கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. முதலாவது, வேலி அழகைக் கெடுக்கும் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் தடித்த கண்ணாடிப் பலகையால் வேலி அமைக்கிறார்கள். பார்வைக்குத் தடையில்லை, அளவும் மாறவில்லை. இரண்டாவது, செலவு. ஆளுக்கு ஆள் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு என்ன விழும் என்று பொருளாளரையே கணக்கிட்டுச் சொல்லச் சொல்லலாம். மூன்றாவது, வாட்ச்மேன் இருக்கிறாரே என்பார்கள். அவரேதான் வாயிலில் வண்டி எண்களைக் குறித்துக்கொள்கிறார், பார்சல்களை வாங்கி வைக்கிறார், மோட்டாரும் போடுகிறார். நான்காவதாக, எங்கள் குழந்தைக்கு நீந்தத் தெரியும் என்று சிலர் பெருமையுடன் சொல்வர். நீச்சல் கற்பித்தல் மிகவும் நல்லதே. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை சட்டையோடும் செருப்போடும் எதிர்பாராமல் விழும்போது, பயிற்சி வகுப்பில் கற்றதைக் காட்டும் என்று நம்பலாகாது.

அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாலையில் அன்பர்கள் தாமே சோதிக்கலாம். வேலியின் உயரத்தை வெளிப்புறத் தரையிலிருந்து அளக்கவேண்டும், உட்புறத்திலிருந்து அன்று. கம்பி இடைவெளியையும் அடியிலுள்ள சந்தையும் பாருங்கள். கதவை முழுதும் திறந்து விட்டுப் பாருங்கள். பிறகு ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். முழுதும் திறந்தால் வேகத்தில் தாழிட்டுக்கொள்ளும் கதவு, ஒரு சாணிலிருந்து விட்டால் பல இடங்களில் தாழின்மேல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள இந்தப் பகுதியில் கீல் துருப்பிடிப்பதற்கு நாளாகாது. மழைக்காலம் முடிந்தவுடன் ஒரு முறை எண்ணெயிட்டுச் சோதிக்கும்படி சங்கத்தின் காரியதரிசியிடம் சொல்லி வைப்பது நலம்.

நீச்சற்குளம் இல்லாத வீட்டில் இருப்பவர்கள், என்னைப் போன்ற ரயில்வே குவார்ட்டர்ஸ்வாசிகள் உட்பட, இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தண்ணீர் வரும் நேரத்தில் குளியலறையில் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம்மும், தலைகீழாக விழுந்த ஒரு வயதுக் குழந்தை தானாக எழ முடியாத வாளியும் நம் வீட்டுக் குளங்களே. டிரம்முக்கு இறுகிய மூடி, குளியலறைக் கதவுக்கு வெளிப்புறத்தில் உயரமான ஒரு தாழ்ப்பாள், நிலத்தடித் தொட்டியின் மூடிக்குப் பூட்டு ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு குடும்பம் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுக்கு மிகாது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, தாத்தா வீட்டுத் தோட்டத்துக் கிணற்றுக்குச் சுவர் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைக்கலாம்.

நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மூச்சும் நாடியும் நின்றவருக்குச் செய்யவேண்டிய முதலுதவியைப் படத்துடன் விளக்கும் பலகை ஒன்று குளத்தருகே கட்டாயம் இருக்கவேண்டும். நம் சங்கத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். அத்தகைய பலகையைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதித் தர அவர்களுள் யாரேனும் முன்வந்தால் அச்சிடும் பொறுப்பைப் பத்திரிகைக் குழு ஏற்கும் என்று ஆசிரியர் கூறியிருக்கிறார். அளந்து பார்த்த அன்பர்கள் தத்தம் குடியிருப்பின் வேலி உயரம், கம்பி இடைவெளி, கதவு தானே தாழிட்டுக்கொள்கிறதா என்ற மூன்றையும் ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்பினால், குடியிருப்புகளின் பெயரைக் குறிப்பிடாமல் அடுத்த இதழில் தொகுத்து வெளியிடுவேன்.