நோட்ஸ் வாசிப்பது பாடம் நடத்துவதாகாது

கேரளத்தில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்த பி.எட். வேண்டும், தகுதித் தேர்விலும் தேற வேண்டும். கல்லூரிக்கு நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ போதும். கற்பிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. வேலையில் சேர்ந்தபின் தரும் பயிற்சியும் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் சேர்க்கும் சடங்காகிவிட்டது.

இதில் அதிகம் அடிபடுவது மூணாறு, வண்டிப்பெரியார், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். எஸ்டேட் லயத்திலிருந்து வரும் மாணவி தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியிலோ புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலையாளம். அவள் நோட்டைப் புரட்டினால் காதில் விழுந்த மலையாளச் சொற்கள் தமிழ் எழுத்தில் கிடக்கும். ஓரத்தில் பென்சிலால் போட்ட கேள்விக்குறிகள். அவற்றை ஆசிரியர் பார்க்க வேண்டுமானால் மஞ்சளேறிய நோட்ஸிலிருந்து தலை நிமிர வேண்டுமே! செமஸ்டரில் தோற்றாலோ, ‘பேசிக் இல்லாத பிள்ளை’ என்று பழி அவள் தலையில். இது வன்மையான கண்டனத்துக்குரியது.

2018 மண்சரிவில் மூணாறு அரசுக் கல்லூரி கட்டடத்தை இழந்தது. அதற்கு மழையைச் சொல்லலாம். பாடம் புரியாமல் போவதற்கு எந்த மழையைச் சொல்வது?

வாரம் 16 மணி நேர வகுப்பு, 2024-இல் வந்த நான்காண்டுப் பட்டப்படிப்பின் காகித வேலை, நாள் கணக்கில் கூலி வாங்கும் கெஸ்ட் விரிவுரையாளர்கள் — ஆசிரியர்கள் சொல்லும் இவையெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் வாரம் அரைப் பக்கம் அவரவர் மொழியில் எழுதச் சொல்லி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்க இவற்றில் எது தடை? ‘புரிந்ததா?’ என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். கால் மணிக்கொரு தரம் நிறுத்தி, கேட்டதைப் பக்கத்திலிருப்பவருக்குத் தன் மொழியில் சொல்லச் சொல்லுங்கள், குட்டு வெளிப்படும். விடைத்தாளில் மதிப்பெண்ணோடு, எங்கே பிசகியது என்று ஒரு வரி எழுதுங்கள். இதை இன்றும் செய்யும் நல்லாசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை.

1947-இல் தொடங்கிய சிற்றூர் அரசுக் கல்லூரியிலும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் தமிழ்த் துறை இருக்கிறது. பொருளியலுக்கும் வணிகவியலுக்கும் தமிழ்க் கலைச்சொற் பட்டியல் தயாரிக்க ஆளுக்கா பஞ்சம்?

உயர்கல்வித் துறையும் கோழிக்கோடு, மகாத்மா காந்தி பல்கலைக்கழகங்களும் சாக்குச் சொன்னது போதும். கெஸ்ட் விரிவுரையாளர் உட்பட எவரும் கற்பித்தல் பயிற்சி பெறாமல் வகுப்பில் நுழையக்கூடாது. எல்லைக் கல்லூரிகளில் கலைச்சொற் பட்டியல் முதல் நாளே மாணவர் கையில் இருக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கான ஆணை வந்தாக வேண்டும்.