இரண்டு முட்டையும் ஐந்து பாவும்

காட்கோபரில் ஸ்லோ லோக்கல் ஏறும் தாய்மார்களில் சிலர் சிஞ்ச்போக்ளியில் இறங்குகிறார்கள். சிலர் அடுத்த நிலையமான பைகுல்லாவில் இறங்குகிறார்கள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மாற்றுத் துணி. ஆர்தர் ரோடு சிறையிலோ பைகுல்லா சிறையிலோ இருக்கும் மகனையோ மருமகளையோ பார்க்கப் போகிறவர்கள். நம் குடியிருப்புகளிலும் அத்தகைய வீடுகள் உண்டு; வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவரின் உயிருக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை மும்பை மறக்க முடியாதபடி எழுப்பியவர் மஞ்சுளா ஷேட்யே.

ஆயுள் தண்டனைக் கைதியான அவர், நன்னடத்தைக்காக வார்டர் ஆக்கப்பட்டு எரவாடாவிலிருந்து பைகுல்லாவுக்கு மாற்றப்பட்டவர். 2017 ஜூன் 23 அன்று காலை உணவுக் கணக்கில் இரண்டு முட்டையும் ஐந்து பாவும் குறைந்தன. அதற்காக அவரை அழைத்து அடித்தார்கள் என்பது சக கைதி ஒருவர் கொடுத்த புகார். அன்றே மஞ்சுளா இறந்தார். பெண் அதிகாரி ஒருவரும் பெண் காவலர்கள் ஐவரும் கைதாயினர். மறுநாள் கொதித்தெழுந்த கைதிகள் இருநூறு பேருக்கு மேல் கலவர வழக்கில் சேர்க்கப்பட்டார்கள்!

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் கணக்குக் குறைந்தால் குமாஸ்தா தன் பையிலிருந்து கட்டுகிறார். முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார். இரண்டு முட்டையும் ஐந்து பாவும் என்ன விலை?

கைதான அறுவரும் குற்றவாளிகளா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். இங்கே கேட்க வேண்டியது வேறு. ஒரு பெண்ணின் அலறல் சிறைக்குள் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? சம்பளம் வாங்குகிறவர்களில் ஒருவராவது முன்வந்திருக்க வேண்டாமா? முன்வந்து புகார் சொன்னது கைதி! கைதானவர்களுக்கு உதவுங்கள் என்று சிறைத்துறை உயர் அதிகாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதியதும் பிறகு வெளியாயிற்று. சக ஊழியர் மீது பரிவு இருப்பது இயல்புதான். ஆனால் இறந்தவரும் அதே துறையின் பொறுப்பில் இருந்தவர் அல்லவா?

சிறையில் நெரிசல் மிகுதி, ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மை. ஆர்தர் ரோடு சிறையில் பல ஆண்டுகளாகக் கொள்ளளவைப் போல் இருமடங்குக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். அதற்காகக் கை நீளலாமா? 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதியது. சவுக்கடியை அனுமதித்த சட்டம் அது. அதுவே, மருத்துவர் பரிசோதிக்காமல் கைதியைச் சவுக்கால் அடிக்கக் கூடாது என்றது; சிறைக்கு வருபவரின் உடலில் உள்ள காயங்களைக் குறித்து வைக்கச் சொன்னது.

குறித்து வைத்தால் போதுமா என்பது இன்னொரு கேள்வி. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டு கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு வந்தார்கள். அரசு மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தார். மாஜிஸ்திரேட் ரிமாண்டுக்கு உத்தரவிட்டார். கிளைச்சிறை வாங்கிக்கொண்டது. மூன்று மேஜைகளைக் கடந்தும் எவரும் ‘இவர்களை முதலில் ஆஸ்பத்திரியில் சேருங்கள்’ என்று தடுக்கவில்லை. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தை. அந்தக் காவல் நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி, கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சீருடைக்குள்ளும் மனசாட்சி இருந்ததற்கு அந்த அம்மையார் சாட்சி.

திஹார் சிறையில் சக கைதி வதைபட்டதைச் சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக எழுதியபோது, உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்று 1979இல் தீர்ப்பளித்தது. சிறைகளை மாவட்ட நீதிபதிகள் பார்வையிடும்படியும், கைதிகள் குறை எழுதிப் போடப் பெட்டி வைக்கும்படியும் சொன்னது.

அந்தப் பெட்டியின் சாவி சிறை அதிகாரியிடம் இருக்கக் கூடாது. சிறை மருத்துவர் அதே அதிகாரிக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. அரசு செய்ய வேண்டியவை இவை. சிறைகளைப் பார்வையிட அதிகாரிகள் அல்லாதவர்களையும் நியமிக்க விதிகளில் இடமுண்டு. காட்கோபர், செம்பூர், தாராவித் தமிழ்ச் சங்கங்களில் வழக்கறிஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. பொங்கல் விழாவுக்கு மந்திரியை அழைக்க அலைகிறவர்கள், இந்தப் பொறுப்புக்கும் இரண்டு பெயர்களை எழுதி அனுப்பலாம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு கைதி அந்தச் சிறைகளில் யாரிடம் போய்த் தன் குறையைச் சொல்வார்?