கோப்பையை எங்கே ஊற்றுவோம்?

தியானப் பகுதி: எசேக்கியேல் 34:17-22, எபிரெயர் 13:11-14



இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஓசூர் சிப்காட் பகுதியில் வசிக்கும் நம் சபையின் வாலிபச் சகோதரர் ஒருவரின் இல்லத்திற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் பணிபுரிகிறவர். அவருடைய கூடத்தில் அறுபது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஊற்றியிருந்தது கடல்நீர். அதாவது அவரே ஆக்கிய கடல்நீர். சுத்திகரித்த நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம், மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் கடலுப்பைக் கரைத்து, நீரின் ஒப்படர்த்தி 1.025 என்று கருவியில் பார்த்துச் சரிசெய்திருந்தார். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை கொண்ட இரண்டு கோமாளி மீன்கள் அதில் நீந்திக்கொண்டிருந்தன. கடற்கரையே இல்லாத இந்த மேட்டு நிலத்தில் ஒரு கையகலக் கடல்!

நான் சென்ற வேளையில் அவர் அத்தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தார். தொட்டியின் பின்புறக் கண்ணாடியில் தொங்கவிடும் சிறிய வகை. வினிகர் கலந்த நீரால் அதைக் கழுவினார். “சோப்பு போடக் கூடாதா தம்பி?” என்று கேட்டேன். “போடவே கூடாது ஐயா. துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் நுரை பொங்கி, கோப்பை நிறைய வெறும் தண்ணீர்தான் வந்து விழும். சுத்தம் செய்வதுபோலத் தெரியும், ஆனால் ஒன்றும் சுத்தமாகாது” என்றார். அவர் இயல்பாகச் சொன்ன இந்த வார்த்தை என் உள்ளத்தில் தங்கிவிட்டது. நுரை எல்லாம் ஒரே நுரை அல்ல என்று அன்றுதான் அறிந்தேன்.

அக்கருவி செயல்படும் விதத்தையும் அவர் விளக்கினார். மீனின் கழிவும் தின்னாத இரையும் நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. அப்படிக் கரைந்த பொருள்களில் பலவற்றின் மூலக்கூறுகளுக்கு இரு முனைகள் உண்டு: ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை வெறுக்கும். மிக நுண்ணிய காற்றுக் குமிழ்களை நீருக்குள் செலுத்தினால், நீரை வெறுக்கும் முனை காற்றைப் பற்றிக்கொள்ள, அம்மூலக்கூறுகள் குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குமிழ்கள் குழாயின் கழுத்தில் நுரையாகத் திரண்டு, மெல்ல ஏறி, மேலுள்ள கோப்பையில் விழுந்து, பழுப்பு நீராக மாறுகின்றன. நன்னீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் அவை சிறியவையாகவே நிற்கும். எனவே இக்கருவி உப்புநீரில்தான் செவ்வனே பயன் தருகிறது.

பொருத்திய அன்றே பலன் கிடைத்துவிடாது. புதிய கருவி தொட்டிநீரோடு பழகச் சில நாட்கள், சில வேளை ஓரிரு வாரங்கள்கூட ஆகும். அதுவரை நுரை வராமலிருக்கும், அல்லது அளவின்றிப் பொங்கும். காற்றுத் திருகையும் நீர்மட்டத்தையும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். கழுத்தில் பிசுக்குப் படிந்தால் நுரை ஏறாது. ஆகையால் வாரந்தோறும் அதைத் துடைக்க வேண்டும். இவ்வளவு சிறிய தொட்டிக்கு இது தேவையில்லை, வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே போதும் என்பாரும் உண்டாம். ஆயினும் இதன் சிறப்பு வேறொன்றில் இருக்கிறது. கழிவு அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாக மாறுமுன்பே அது அகற்றப்படுகிறது.

இதைக் கேட்டவுடன் என் மனம் பிரசங்கக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டது; போதகர்களின் வழக்கம் அது. ‘பாவம் அழுகுமுன் அறிக்கையிடுங்கள், டிசம்பர் 31 இரவு ஆராதனைக்காகக் காத்திராதேயுங்கள்’ என்று தலைப்புவரை வந்துவிட்டேன். அதற்குள் அவர், செயல்முறை காட்டுவதற்காக நண்பர் வீட்டுக் கருவியின் படத்தைக் கைபேசியில் காண்பித்தார். கோப்பை நிறையத் தேநீர் நிறத்தில் அழுக்கு நீர். “இதை எங்கே ஊற்றுவாய் தம்பி?” என்று கேட்டேன்.

“வெளியேதான் ஐயா, சாக்கடையில்” என்றார்.

ஒரு கோப்பை நீரால் ஆறு கெட்டுவிடாது. அவரை நான் குற்றப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு என் பிரசங்கக் குறிப்பு நின்றுபோயிற்று. ஏனெனில் சாக்கடையின் வழியாகப் பிறர் ஊற்றிய கோப்பை நம் ஊருக்கு வந்து சேர்வதை நாம் பல ஆண்டுகளாகக் கண்ணால் கண்டுவருகிறோம்.

கெலவரப்பள்ளி அணையைப் பாராத ஓசூர்வாசி அரிது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணையாறு, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து இவ்வணையை அடைகிறது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிறைந்து வழியும் கழிவுநீரும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. மழைக்காலத்தில் அணையின் மதகுகளைத் திறக்கும்போது நீர் விழுந்து கலங்க, வெண்ணுரை மலைபோல் எழும்புகிறது. காற்றில் பறந்து வயல்களில் விழுகிறது. கீழுள்ள தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தையே நிறுத்தியதும் உண்டு. புதிதாய்ப் பார்க்கிறவர்கள் பனி என்று எண்ணிப் படம் பிடிக்கிறார்கள். அருகில் சென்றால் நாற்றம் உண்மையைச் சொல்லிவிடும்.

துணி துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் நாம் பயன்படுத்தும் சலவைப் பொருள்களின் மூலக்கூறுகளுக்கும் அதே இரு முனைகள் உண்டு. ஆறும் ஒரு விதத்தில் ஸ்கிம்மரைப் போலவே தன் அழுக்கை நுரையாக மேலே தள்ளுகிறது. ஆனால் ஆற்றுக்குக் கோப்பை இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் பெல்லந்தூர் ஏரியை ஆராய்ந்து, சலவைப் பொருள்கள் ஏரியின் சேற்றில் படிந்து தங்கிவிடுகின்றன என்றும், பெருமழை அச்சேற்றைக் கிளறும்போது நுரை மிகுதியாகிறது என்றும் விளக்கியிருக்கிறார்கள். மழை நுரையை உண்டாக்கவில்லை, படிந்திருந்ததை வெளிப்படுத்தியது. அங்கே நுரை சாலைக்கு வராதபடி வலை கட்டினார்கள். அதை அடக்க நீர் தெளித்தார்கள். 2018 ஜனவரியில் அந்த ஏரியில் தீப்பற்றி எரிந்தபோது, அணைக்க ராணுவ வீரர்கள் வரவேண்டியதாயிற்று.

எசேக்கியேல் 24-ஆம் அதிகாரத்தில் எருசலேம் நகரம், நுரை நீங்காத கொப்பரைக்கு ஒப்பிடப்படுகிறது. எபிரெய மூலத்திலுள்ள சொல் துருவையும் ஒட்டிய அழுக்கையும் குறிப்பது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை நுரை என்றே எழுதினார்கள். அந்தப் பகுதியில் அக்கினியும் வருகிறது. அதை பெல்லந்தூரைப் பற்றிய தீர்க்கதரிசனம் என்று வியாக்கியானம் செய்ய நான் துணியமாட்டேன். எனக்கு இன்னும் நெருக்கமாகப் பேசுவது 34-ஆம் அதிகாரம். அங்கே தேவன் ஓநாய்களோடு வழக்காடவில்லை. கொழுத்த ஆடுகளோடு வழக்காடுகிறார். அவை தெளிந்த நீரைத் தாங்கள் குடித்துவிட்டு, மீதியைக் கால்களால் கலக்கிவிடுகின்றன. பின்வரும் மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கல் நீரைக் குடிக்க வேண்டியிருக்கிறது. குடித்தது குற்றமென்று ஆண்டவர் சொல்லவில்லை. பின்னால் வருகிறவர்களை நினையாமற்போனதே குற்றம்.

இவ்வசனத்தை வாசித்தவுடன் ‘ஆமென், பெங்களூருவுக்கு நன்றாக வேண்டும்’ என்று சொல்ல நமக்கு ஆசை வரும். சற்றுப் பொறுங்கள். நம் சபையில் பலர் காலைதோறும் அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்கிறீர்கள். அங்கே உண்டு, கைகழுவி, சம்பளம் பெற்று, இரவில் இங்கே வந்து உறங்குகிறீர்கள். பகலெல்லாம் மேலூரார், இரவில் கீழூரார். மேலும் ஓசூரோடு ஆறு முடிந்துவிடவில்லை. கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூர் அணைக்கும் சென்று, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகக் கடலூரில் கடலைச் சேர்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கீழூர் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் நாம்தான் மேலூர்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாலிபரின் வீட்டிலிருந்து திரும்பிய மாலை, நம் ஆலய வளாகத்தின் கழுவுநீர் எங்கே போகிறது என்று நடந்து பார்த்தேன். அசனப் பண்டிகையன்று அண்டாக்களையும் தட்டுகளையும் சோப்புத்தூள் போட்டுத் துலக்கிய நீரெல்லாம் மதிற்சுவரின் ஓட்டை வழியாக மழைநீர்க் கால்வாயில் விழுகிறது. இத்தனை ஆண்டுகள் நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் நின்று பரிசுத்தத்தைக் குறித்துப் பேசியிருக்கிறேன்.

இன்னொரு காரியம் இதைவிட என்னை வருத்துகிறது. சென்ற அறுப்பின் பண்டிகையில், கெலவரப்பள்ளிக்குக் கீழே ஆற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் நம் பெரியவர் ஒருவர், வழக்கம்போல் கீரைக்கட்டுகளும் தக்காளியும் படைத்தார். ஏலத்தில் ஒரு தேங்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போயிற்று. அவருடைய கூடை வந்தபோது, “ஆற்றுத் தண்ணீர்க் கீரையா?” என்று ஒருவர் மெல்லக் கேட்டார். அதற்குமேல் எவரும் விலை சொல்லவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு போனார். நான் மேடையில் இருந்தேன். அடுத்த பொருளை ஏலத்துக்கு எடுக்கச் சொன்னேன்.

அந்த அச்சத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். கழிவுநீர் பாய்ந்த கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தாய் தயங்குவது இயல்பே. வெட்கத்துக்காக வாங்கிவிடுவதால் நீரும் சுத்தமாகாது. ஆனால் பல இலட்சம் பேருடைய அழுக்கின் விலையை அந்த ஒருவர் மட்டும் கட்டும்படி விட்டுவிட்டு, நாம் பண்டிகை கொண்டாடினோம். அதுவே நம் தவறு.

எபிரெயர் 13-ஆம் அதிகாரம் இந்த இடத்தில் நம்மைப் பிடிக்கிறது. பாவநிவாரண பலியின் உடல் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்டது; இயேசுவும் நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்; ஆகையால் நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்து அங்கே அவரிடம் புறப்பட்டுப் போகக்கடவோம் என்று நிருபம் அழைக்கிறது. ஒரு நகரம் தனக்கு வேண்டாததைக் கொண்டுபோய்க் கொட்டும் இடமே பாளயத்துக்குப் புறம்பான இடம். நம் ஆண்டவர் உலகத்தின் அழுக்கை வேறொருவர் வாசலில் தள்ளிவிடவில்லை. தாமே சுமந்து அதற்கு முடிவு கண்டார். அழுக்கை இடம் மாற்றுவது வேறு, அதை ஒழிப்பது வேறு. சிலுவையில் நடந்தது இரண்டாவது. அதை விசுவாசிக்கிறவர்கள் முதலாவதோடு திருப்தியடையலாகாது என்பதே என் கருத்து.

ஆகவே, சபைக் குழுவின் முன் மூன்று காரியங்களை வைக்க எண்ணியிருக்கிறேன். முதலாவது, மதிற்சுவரின் அந்த ஓட்டையை அடைத்து, கழுவுநீரைக் கசடு தங்கும் தொட்டியில் விட்டு, பின்பு கல்வாழைப் பாத்தியில் பாயவைப்போம்; அசனத்தன்று சோப்புத்தூளையும் அளந்து கொடுப்போம். இரண்டாவது, கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும்போது, அப்பெரியவரோடு நம்மில் நால்வராவது சென்று அமர்வோம். அவர் சம்மதித்தால் அவருடைய கிணற்றுநீரையும் நிலத்தையும் பரிசோதிக்கும் செலவைச் சபை ஏற்கட்டும். மூன்றாவது, பெங்களூருவிலுள்ள நம் சகோதர சபைகளுக்குக் குற்றச்சாட்டாக அல்ல, விருந்து அழைப்பாக எழுதுவோம்: ஒரு ஞாயிறு மாலை வந்து, எங்களோடு கெலவரப்பள்ளிக் கரையில் நின்று ஜெபியுங்கள் என்று. இரு மாநில அரசுகள் செய்யவேண்டிய பெரும்பணி இவற்றால் முடிந்துவிடாது. ஆனால் கேட்கிறவர்களின் கை சுத்தமாயிருந்தால் கேட்கும் குரலும் தெளிவாயிருக்கும்.

நேற்று அந்த வாலிபர் அழைத்தார். ஒன்பதாம் நாளில் கருவி சீராக நுரை ஏற்றத் தொடங்கியதாம்; கோப்பையில் அரை விரற்கடை பழுப்பு நீர் சேர்ந்திருக்கிறதாம். “சாக்கடையில் ஊற்றவில்லை ஐயா. கழிப்பறையில் ஊற்றினேன், செப்டிக் டேங்குக்குப் போகட்டும் என்று. சரிதானே?” என்று கேட்டார். சரி என்றேன். பிறகு, அறுப்பின் பண்டிகைக் கூடைக்குரிய பெரியவரின் வீட்டுக்கு இவ்வாரம் நான் மன்னிப்புக் கேட்கச் செல்கிறேன், நீயும் வருவாயா என்று கேட்டேன். வருகிறேன் என்றார்.

ஜெபம்: பரிசுத்தமுள்ள பிதாவே, எங்கள் கண்ணுக்கு மறைந்து கரைந்திருப்பவற்றை வெளிப்படுத்தியருளும். எங்கள் சுத்தத்தின் விலையைப் பிறர் செலுத்தும்படி விட்ட நாட்களுக்காக எங்களை மன்னியும். பாளயத்துக்குப் புறம்பே நிற்கும் உம் குமாரனிடம் நடந்து செல்ல எங்கள் கால்களைத் திருப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.