கயல்விழி எங்கே போனாள்?

‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானபோது ஊரெல்லாம் ஒரே பேச்சு: நாவலில் இருப்பது படத்தில் இருக்கிறதா? மணிமேகலையை ஏன் விட்டார்கள், பூங்குழலிக்கு இவ்வளவுதான் இடமா என்று கல்கியைக் கரைத்துக் குடித்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள். நாவல் படமாகும்போதெல்லாம் எழும் கேள்விதான் இது. ஆனால் அதே படத்தை மதுரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வேறொரு கேள்வியும் எழ வேண்டும். காயம்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியனைக் காப்பாற்ற நந்தினி கெஞ்சுகிறாள். ஆதித்த கரிகாலன் வாளை வீசுகிறான். விழுவது பாண்டியனின் தலை, இந்த ஊர் அரசனின் தலை. அதற்குப் பழி தீர்க்கப் புறப்படும் ரவிதாசனும், பாண்டியனின் மெய்க்காவலர்களான மற்ற ஆபத்துதவிகளும் கதை முழுக்கச் சதிகாரர்கள். மதுரைத் தியேட்டரிலும் விசில் சோழனுக்குத்தான்.

அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல கதை நம்மை எந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். கல்கி சோழர், பல்லவர் பக்கம் நின்று எழுதினார், நாமும் அங்கேயே நின்று படித்தோம். ஆனால் மதுரையின் பக்கம் நின்று எழுதப்பட்ட ஒரு சரித்திரக் காதல் நாவல் பெரிய நடிகரோடு, வண்ணத்தில், படமாக வந்தபோது நாம் என்ன செய்தோம்? அந்தப் படத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நாம் சொல்லிவரும் கருத்து என்ன? அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

படம் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. 1978 பொங்கலன்று, ஜனவரி 14-இல் வெளியானது. எம்.ஜி.ஆர்., லதா, பத்மப்ரியா, எம்.என்.நம்பியார், பி.எஸ்.வீரப்பா நடித்தது. இசை எம்.எஸ்.விஸ்வநாதன். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கர்ணன்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்த பி.ஆர்.பந்துலு தொடங்கிய படம் இது. 1974-இல் அவர் காலமாகிவிட, எம்.ஜி.ஆரே இயக்கி முடித்தார். ‘நாடோடி மன்னன்’, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ இரண்டுக்கும் பிறகு அவர் இயக்கிய மூன்றாவது படம். அதுவே கடைசி. மூலக்கதை அகிலனின் ‘கயல்விழி’.

இந்தப் படம் பற்றி மதுரையில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், “தலைவரோட கடைசிப் படம்ல” என்பதுதான். அடுத்து, எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை என்பார்கள். மூன்றாவதாக, அறுபது வயதில் இளவரசன் வேடமா என்று சிலர் கேட்பார்கள். மூன்றும் உண்மை. படம் வந்த மூன்றாம் நாள் அவருக்கு 61 வயது நிறைந்தது. ஆனால் மூன்றுமே நடிகரைப் பற்றிய கருத்துகள். படத்தைப் பற்றியவை அல்ல, நாவலைப் பற்றியவையும் அல்ல.

அன்றைய சூழல் அப்படி. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்ட எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். மறு ஆண்டு மே மாதம், அன்று மதுரை மாவட்டத்துக்குள் இருந்த திண்டுக்கல்லில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அவருடைய கட்சி வென்றது. 1977 ஜூன் 30 அன்று முதல்வரானார். ஆக, திரையில் சுந்தரபாண்டியன் மதுரையை மீட்ட நாளில், அந்த வேடத்தில் இருந்தவர் ஏற்கெனவே கோட்டையைப் பிடித்திருந்தார். கொடியும் தோரணமும் கட்டிப் படம் பார்க்கப் போன ரசிகருக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஒரு சாக்கு. அவர் பார்க்கப் போனது தம் தலைவரை, தாம் ஓட்டுப் போட்டு வாங்கித் தந்த வெற்றியை. எதிர்க்கட்சிக்காரர் அதே காரணத்துக்காகவே படத்தைத் தள்ளிவைத்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து அகிலனை மறந்தன.

மறக்கக் கூடாத எழுத்தாளர் அவர். ‘சித்திரப்பாவை’க்காக 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவர். ‘பாவை விளக்கு’ம், ‘குலமகள் ராதை’யாக மாறிய ‘வாழ்வு எங்கே’யும் அவருடைய நாவல்களிலிருந்து வந்த படங்கள். அவருடைய ‘வேங்கையின் மைந்தன்’ 1963-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அது ராஜேந்திர சோழனின் கதை. ஈழத்தில் அடைக்கலமாக வைக்கப்பட்ட பாண்டியரின் மணிமுடியைச் சோழர் கைப்பற்றப் போவதுதான் அதன் உயிர்நாடி. அதே கை பிறகு ‘கயல்விழி’யை எழுதியது. முதல் நாவலில் மதுரையின் முடி பறிபோகிறது. பின்னதில் மதுரை தலை நிமிர்கிறது. சோழனின் பெருமிதத்தையும் பாண்டியனின் அவமானத்தையும் இரண்டு நாவல்களில் தனித்தனியே ஏந்தியவர் அகிலன். தமிழில் சரித்திர நாவல் எழுதியவர்களில் பலர் ஒரு கொடியைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதன்கீழேயே நின்றார்கள். அகிலன் கொடி மாறினார். அதுவே அவரைத் திரும்பப் படிக்கப் போதுமான காரணம்.

நாவலின் பெயர் ‘கயல்விழி’. படத்தின் பெயர் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. ஒரு பெண்ணின் பெயர் சுவரொட்டியிலிருந்து இறங்க, அந்த இடத்தில் ஓர் ஆணின் வெற்றி ஏறியது. வியாபாரக் காரணம் வெளிப்படை. எம்.ஜி.ஆர். படத்துக்கு அவர் ஏற்கும் பாத்திரத்தின் பெயரோ குணமோ தலைப்பாவது வழக்கம். ஆனால் தமிழ்த் திரைக்கு வேறு வழியும் தெரிந்திருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன், 1968-இல், கொத்தமங்கலம் சுப்புவின் நாவல் ‘தில்லானா மோகனாம்பாள்’ அதே பெயரில் வந்தது. அதில் சிவாஜி இருந்தார். ஆனாலும் தலைப்பு மோகனாவுடையதாகவே இருந்தது. படமும் அந்தப் பெயருக்கு நியாயம் செய்தது. சிவாஜி ஏற்ற சண்முகசுந்தரத்தின் வித்துவச் செருக்கை எடைபோடும் தராசாக அவள் கடைசிவரை நிற்கிறாள். அந்தப் படத்தில் ஒலித்த நாகஸ்வரம் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பதால் எனக்கு அதில் கூடுதல் உரிமையும் உண்டு.

மற்ற ஊரில் இந்தப் பெயர் மாற்றம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். மதுரையில் அப்படி விட முடியாது. இந்த ஊரில் கயல்விழி யார் என்று குழந்தைக்கும் தெரியும். மீனாட்சி என்றாலும் அதே பொருள்தான்: மீன் விழியாள். ஒவ்வொரு சித்திரையிலும் திருவிழாவின் எட்டாம் நாள் அவளுக்குப் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை சூட்டி, செங்கோலைக் கையில் கொடுக்கிறோம். மறுநாள் திக்விஜயம், அதற்கு அடுத்த நாள்தான் திருக்கல்யாணம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஆட்சி, பிறகு போர், கடைசியில் கல்யாணம். ஆவணி வரை அவள் ஆட்சி. ஆவணியில் சுந்தரேசுவரருக்கு முடி சூட்டுகிறோம், அவர் பொறுப்பேற்கிறார். திருவிளையாடல் கதையில் அவள் கணவனாக இந்நகரை ஆள வந்த சிவனுக்குப் பெயரே சுந்தரபாண்டியன்தான். அகிலன் தம் நாயகிக்கும் நாயகனுக்கும் வைத்திருக்கும் பெயர்கள் மதுரையின் நிரந்தரத் தம்பதியின் பெயர்கள். அந்த ஜோடியில் பெண்ணை முன்னே நிறுத்தினார் நாவலாசிரியர். படம் அவளைப் பின்னுக்கு அனுப்பியது. ஆண்டில் நான்கு மாதம் ஒரு பெண்ணின் ஆட்சியில் இருப்பதாக நம்பும் ஊர் அதை ஒரு பேச்சும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

எனக்குப் படத்தின் மீதுள்ள முதன்மையான குறை இதுதான். வயது அல்ல. ஒப்பனையும் ஒளியும் வயதை ஓரளவு மறைக்கும். ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் சேர்ந்து பாடும்போது மீதியை நாமே மறந்துவிடுவோம். ஆனால் சரித்திரக் காதல் கதை என்பது பாட்டுக்காக மட்டும் காதலை வைத்துக்கொள்வதல்ல. நாட்டுக்கும் மனத்துக்கும் நடுவே நாயகன் கிழிபட வேண்டும். எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் கிழிபடாது. அவர் எடுக்கும் முடிவு எப்போதும் சரி. பெண் அவரை நேசிப்பாள், காத்திருப்பாள், வாழ்த்துவாள். எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-இல் எழுதிய நூலில் இந்தப் பிம்பத்தின் அரசியலை விரிவாக ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிக்கு வெளியே, ஒரு கதை வாசகனாக நான் சொல்வது இவ்வளவுதான்: தவறே செய்யாத காதலனைக் கொண்டு காதல் கதை எடுக்க முடியாது.

சரித்திரத்து மாறவர்மன் சுந்தரபாண்டியனோ அப்படிப்பட்டவன் அல்ல. சோழ மன்னன் மூன்றாம் குலோத்துங்கன் 1205 வாக்கில் மதுரைக்குள் புகுந்து, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை பூட்டி உழுது, இங்கேயே வீராபிஷேகம் செய்துகொண்டான். பிறகு நாட்டைக் குலசேகர பாண்டியனிடமே திருப்பிக் கொடுத்தான், தனக்கு அடங்கியவனாக. அந்த அவமானத்தைப் பார்த்த குலசேகரனின் தம்பி சுந்தரபாண்டியன் 1216-இல் அரியணை ஏறியதும் சோழ நாட்டின் மேல் பாய்ந்தான். தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். மாளிகைகளையும் மண்டபங்களையும் இடித்தான். ஆயிரத்தளியில் சோழரின் முடிசூட்டு மண்டபத்திலேயே வீராபிஷேகம் செய்துகொண்டு, தில்லைக்குப் போய்க் கூத்தனைக் கும்பிட்டான். கடைசியில் பொன்னமராவதிக்குத் தோற்ற சோழனை வரவழைத்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். சோழ நாடு வழங்கியருளியவன் என்பதே அவன் விரும்பிய பட்டம்.

எரிக்கவும் தெரிந்தது, கொடுக்கவும் தெரிந்தது. திருவெள்ளறைக் கல்வெட்டு இன்னும் ஒன்று சொல்கிறது. எல்லாம் இடிபட்ட சோழ நாட்டில் பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் அவன் விட்டுவைத்தான். ‘பட்டினப்பாலை’ பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாகக் கொடுத்த மண்டபம் அது என்று கேள்விப்பட்டதால். பகைவனின் ஊரைக் கொளுத்திக்கொண்டே வருகிறவன் ஒரு பழைய புலவனின் பெயரைக் கேட்டதும் கையை இறக்குகிறான். இதைவிடப் பெரிய திரைக்காட்சி தமிழ்ச் சரித்திரத்தில் எத்தனை இருக்கிறது? படத்தின் தலைப்பு ‘மீட்ட’ என்பதோடு நிற்கிறது. கல்வெட்டு அங்கே நிற்கவில்லை. மீட்டவன் பிறகு என்ன செய்தான் என்பதில்தான் அவன் மனிதனாகிறான், நாயகனும் ஆகிறான்.

அவன் நினைவு மதுரையில் வெறும் ஏட்டில் இல்லை. மீனாட்சி கோயில் கோபுரங்களில் மூத்ததான கீழைக் கோபுரம் அவன் கட்டியதென்று சொல்கிறார்கள். அதன் அடியிலேயே மதுரை வீரன் சன்னதி. 1956-இல் எம்.ஜி.ஆர். ‘மதுரை வீரன்’ ஆனார். கண்ணதாசன் எழுத, டி.யோகானந்த் இயக்கிய படம். மக்களின் கதைப்பாட்டில் சக்கிலியர் குலத்தில் வளர்ந்து, பொம்மியைக் காதலித்து, திருமலை நாயக்கர் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் அந்த வீரன். படத்தில் அவன் அரசனின் பிள்ளையாகப் பிறக்கிறான். ஆனாலும் தண்டனையை மாற்றத் துணியவில்லை. நாயகன் சாகும் அந்தப் படத்தை மக்கள் கொண்டாடினார்கள். இந்த ஊர் சனங்களுக்குத் துயரமான முடிவு பிடிக்காது, தலைவரைக் காயப்படுத்தினால் படம் ஓடாது என்ற வாதத்துக்கு அந்த வெற்றியே பதில். சரியாகச் சொன்னால் அவர்கள் அழுவார்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

மதுரைப் பார்வையாளரைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் நெடுநாளாக உண்டு. சாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1980-களில் மதுரையில் தங்கி, ஏழை மக்கள் சினிமாவை எப்படிப் பார்க்கிறார்கள், ரசிகர் மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று அவர்களிடமே கேட்டு எழுதினார். 1993-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக வந்த அந்த ஆய்வு, இந்த ஊர்ச் சாதாரணப் பார்வையாளரின் கருத்தையும் கருத்தாக மதித்த அரிய முயற்சி. ஓர் ஆய்வாளர் வெளிநாட்டிலிருந்து வந்துதான் அவர்களைக் கேட்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தம். எம்.ஜி.ஆரைத் தாய்க்குலம் தாங்கியது என்று மேடைதோறும் சொன்னோம். அந்தத் தாய்மாரிடம் கயல்விழியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பழைய படத்தைப் புதிதாகக் கேள்வி கேட்பது அதை அவமதிப்பதல்ல. மார்கரெட் மிட்செல் 1936-இல் எழுதிய ‘கான் வித் த விண்ட்’ 1939-இல் படமாகி உலகையே ஆட்டிவைத்தது. அடிமை முறையை இனிமையாகக் காட்டியது என்ற கண்டனம் வலுத்து, 2020 ஜூனில் ஓர் ஓடிடி தளம் அதைக் கொஞ்ச நாள் நீக்கியது. பிறகு ஒரு திரைப்பட அறிஞரின் முன்னுரையோடு மறுபடி ஏற்றியது. படத்தில் ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை, பார்வையாளர் கையில் கூடுதலாக ஒரு கேள்வி கொடுக்கப்பட்டது. எனக்கு அந்த வழி பிடிக்கிறது.

பந்துலுவின் ‘கர்ணன்’ 2012-இலும், ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-இலும் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. அவர் தொடங்கிவைத்த கடைசிப் படத்துக்கும் மதுரையில் அப்படி ஒரு நாள் கொடுக்கலாம். அதற்கு இடமாக நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. படத்தைத் திரையிடுவதற்கு ஒரு மாதம் முன்பே ‘கயல்விழி’ பிரதிகளைக் கல்லூரிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். திருவெள்ளறைக் கல்வெட்டை விளக்க ஒரு தொல்லியல் அறிஞரை அழைக்கலாம். படம் முடிந்து விளக்குப் போட்டதும் மைக்கை மேடையில் இருப்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். 1978 பொங்கலில் புதுச்சேலை கட்டிக்கொண்டு இந்தப் படத்துக்குப் போன பெண்கள் இன்றும் செல்லூரிலும் அவனியாபுரத்திலும் மேலூரிலும் இருப்பார்கள். முதல் கருத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.